பதிமூன்று பாயிண்ட்

பேகேபள்ளி, ஓசூர்
ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் தினேஷ்குமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் தங்கச்சி சுசித்ராவும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லாமல் இருக்கிறோம், உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை உன் வாயால் கேட்டு இருபத்தைந்து நாள் ஆகிறது. நான் அனுப்புகிற வாட்ஸப்பில் எல்லாம் நீலக் கோடு விழுந்துவிடுகிறது, அதைப் பார்த்துத்தான் பிள்ளை நன்றாக இருக்கிறான், வேலைக்குப் போய் வருகிறான் என்று தெரிந்துகொள்கிறேன். கடைசியாக நீ அனுப்பிய குரல் பதிவில் “ஏம்மா இப்டிப் பண்ணுன” என்று மூன்றே வார்த்தைதான் இருந்தது, அதை நான் எத்தனை முறை போட்டுக் கேட்டேன் என்று சுசித்ராவைக் கேட்டால் சொல்வாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் நீ நடுவில் கத்துவாய், நான் அழுதுவிடுவேன், இரண்டு பேரும் பாதியில் வைத்துவிடுவோம். காகிதத்தில் என்றால் முழுதாகப் படித்துத்தான் ஆக வேண்டும், கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி. போலந்துக்குப் போய்ச் சேர இரண்டு வாரம் ஆகும் என்று போஸ்ட் ஆபீஸில் சொன்னார்கள், ஆகட்டும், அவசரமாகச் சொல்ல இனி என்னிடம் ஒன்றும் இல்லை.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவுக்கு சூளகிரி குடோனில் செக்யூரிட்டி வேலை அப்படியே இருக்கிறது, பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு பாதம் வீங்கி வருகிறார், வெந்நீரில் கால் வையுங்கள் என்றால் கேட்பதில்லை, நீ சொன்னால்தான் கேட்பார். சுசித்ராவுக்கு செமஸ்டர் நெருங்குகிறது, கிருஷ்ணகிரி போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் படிக்கிறாள், கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே படிக்கிறாள். கம்பெனி கேன்டீனில் எனக்கு இந்த மாதம் காலை ஷிப்ட். உளுந்து அரைக்கிற மெஷின் பழுதாகி இரண்டு வாரமாக வெளியில் இருந்து மாவு வாங்குகிறார்கள், இட்லி கல்லு மாதிரி வருகிறது, பையன்கள் என் முகத்தைப் பார்த்துத் திட்டுகிறார்கள். முன்பெல்லாம் நம் ஃபுட்பால் டீம் பையன்கள் என் வரிசையில்தான் தட்டு நீட்டுவார்கள், இப்போது பக்கத்து வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அங்கே போய் நிற்கிறார்கள். அதை நான் கண்டும் காணாத மாதிரி சாம்பார் ஊற்றுகிறேன்.

நீ போலந்து போகிற அன்று செயலாளர் பொறுப்போடு கிளப் ஃபைலை என் கையில் கொடுத்து, “ஒரு வருஷம் பாத்துக்கம்மா, கையெழுத்துப் போட்டா போதும், வேற ஒண்ணும் இல்ல” என்று சொன்னது ஞாபகம் இருக்கும். அந்த ஃபைலை நான் சும்மா வைத்திருக்கவில்லை கண்ணு. எந்த ஞாயிறு எந்த மைதானம், யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு ஆள் மாற்றிவிட வேண்டும் எல்லாம் எழுதி வைத்தேன். இரண்டாம் டிவிஷனில் பத்து டீம், ஆளுக்கு ஒன்பது ஆட்டம், முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் முதல் டிவிஷனுக்கு மேலே போவார்கள், கடைசியில் நிற்பவர்கள் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்குவார்கள். உனக்குத் தெரியாததா, ஆனாலும் எனக்குத் தெரிந்தது சரிதானா என்று நானே பார்த்துக்கொள்ள எழுதுகிறேன். ஒன்பது வருஷம் நீ ஆடிய டீம் ஒரு தடவைகூட நாலாம் இடத்துக்கு மேல் போனதில்லை. ஒவ்வொரு வருஷமும் கடைசி ஆட்டம் முடிந்து வந்து நீ ஷூவைக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்திருப்பாய், சோறு போட்டால் ஆறிப் போகும். இந்த வருஷமாவது மேலே போய்விட்டால் அந்த சேதியை வேறு யாரும் சொல்லாமல் நான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. கெட்டது அதில்தான் தொடங்கியது.

முதல் மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தோம், ஒன்று தோற்றோம். அந்த டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் சாயந்திரம் நான் ஷிப்ட் முடித்து வெளியே வரும்போது ஹரீஷ்குமார் கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நீ போன பிறகு வந்த பையன், உனக்குப் போட்டோவில்தான் தெரியும், சானமாவு காட்டை ஒட்டிய ஊர், இருபது வயசு, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் ரூம் எடுத்து அங்கே ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தான். அந்த வருஷம் அவர்கள் ராகி முழுவதையும் அறுப்புக்கு முந்தின வாரம் யானை வந்து மிதித்துவிட்டுப் போயிருந்தது. பெங்களூரில் ஒரு கிளப்பில் சனிக்கிழமை சனிக்கிழமை ஆடினால் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் கொடுக்கிறார்கள், அத்திப்பள்ளி விலாசத்தைக் காட்டி அங்கே ஒரு பதிவு போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன், இப்போதுதான் ஒரே சீசனில் இரண்டு மாநிலத்தில் பதிவு இருக்கக் கூடாது என்று ஒருத்தர் சொன்னார், என்ன செய்வதம்மா என்று கேட்டான். மறைக்கவில்லை தினேஷ், அந்த வாரமே வந்து சொல்லிவிட்டான். நான் சுசித்ராவை விட்டு ரூல் புத்தகத்தைப் படிக்கச் சொன்னேன். இருக்கக் கூடாது என்றுதான் போட்டிருந்தது. அவனை நான் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லை அந்தப் பதிவை எடுத்துவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. “யாருகிட்டயும் சொல்லாத, கம்முனு ஆடு” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் வீட்டுக் கஷ்டத்துக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் அவனைப் போல் கோல் அடிக்க நம்மிடம் வேறு ஆள் இல்லை.

அதற்குப் பிறகு ஐந்து ஆட்டம். நாலு ஜெயித்தோம், ஒன்று டிரா, அவன் ஒருத்தனே ஒன்பது கோல். சனிக்கிழமை பெங்களூரில் ஆடிவிட்டு ஞாயிறு காலை தொடையில் தைலம் தேய்த்துக்கொண்டு வருவான், வாசனை வைத்தே எனக்குத் தெரியும், நான் ஒன்றும் கேட்க மாட்டேன். சல்மான் நோன்பு மாதத்தில் தண்ணீர்கூட குடிக்காமல் கோலில் நின்றான். இளம்பரிதி உன் இடத்தில் கேப்டனாக நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பான். அந்த சமயத்தில்தான் கம்பெனி ஹெச்.ஆர். சௌந்தரராஜன் சார் ஒரு நாள் கேன்டீனுக்கு வந்து, டீம் மேலே போனால் கம்பெனி பேரிலேயே நடத்தலாம், கான்ட்ராக்டில் இருக்கிற நம் பையன்கள் நாலு பேரை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நிரந்தரமாக கம்பெனி ரோலில் எடுக்கலாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். இளம்பரிதி அன்றைக்கே விழுப்புரத்துக்குப் போன் போட்டு அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாசம். மார்ச் எட்டாம் தேதி எட்டாவது ஆட்டம் முடிந்தபோது நமக்குப் பத்தொன்பது பாயிண்ட், மூன்றாம் இடத்தில் இருந்த கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பதினைந்து, ஒரு ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே நாம் மேலே போய்விட்டோம். அன்றைக்கு உனக்கு நான்தான் முதலில் சொன்னேன். நீ ரூமில் இருந்த நேபாளத்துப் பையன்களுக்கு எல்லாம் கேக் வாங்கிக் கொடுத்து போட்டோ அனுப்பினாய், அதில் உன் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நாள், தினேஷ். அந்த சந்தோஷம் இரண்டே நாள்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கிருஷ்ணகிரிக்காரர்கள் லீக் ஆபீஸில் புகார் கொடுத்துவிட்டார்கள். பெங்களூர் கிளப் பையன் ஒருத்தன் ஸ்டேட்டஸில் போட்ட போட்டோவில் ஹரீஷ் அந்த ஜெர்ஸியோடு நிற்கிறான், தேதியும் இருக்கிறது. பதினெட்டாம் தேதி விசாரணை என்று கடிதம் வந்தது. ரூல் புத்தகத்தில் இரண்டு வழி இருந்தது. கிளப்புக்குத் தெரியாமல் ஆள் ஏமாற்றியிருந்தால் கிளப்புக்கு அபராதத்தோடு போகும், பாயிண்ட் நிற்கும், ஏமாற்றிய ஆளுக்கு மூன்று வருஷம் தடை. கிளப்புக்குத் தெரிந்தே ஆட விட்டிருந்தால் இரண்டு பதிவோடு அந்த ஆள் ஆடிய ஆட்டத்தின் பாயிண்ட் எல்லாம் போகும், ஆளுக்கு ஒரு வருஷம். பையன்கள் எல்லாரும் நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. இளம்பரிதிதான் பேசினான். “அம்மா, கிளப்புக்குத் தெரியாதுன்னு ஒரே ஒரு வரி. நாலு குடும்பம்மா. அவன் ஒருத்தன் தப்பு பண்ணிக்கினு வந்தா நாம எல்லாரும் சாவணுமா?” என்றான். நான் அவன் சொன்ன மாதிரியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஹரீஷ் அன்றைக்கு வரவில்லை, அவனுக்கு யாரும் சொல்லி அனுப்பவும் இல்லை. எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை நான் அந்தப் பையன்களிடம்கூடச் சொல்லவில்லை. அவர்கள் நான் உண்மையைத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் “எழுதினது எழுதியாச்சு, இனி வாயத் தெறக்காத” என்றார்.

விசாரணை உகாதிக்கு முந்தின நாள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு துணிக்கடை மாடியில் லீக் ஆபீஸ், கீழே பண்டிகைக் கூட்டம், மேலே மூன்று பேர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள், இளம்பரிதி கேப்டன் என்பதால் என் பின்னால் நின்றான். ஹரீஷ் தனியாக வந்திருந்தான், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருந்தான். அவனை மேஜைக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டு நடுவில் இருந்தவர் என் காகிதத்தைச் சத்தமாகப் படித்தார். “ஆட்டக்காரர் கிளப்பிடம் மறைத்துவிட்டார், கிளப்புக்கு இது பற்றி எதுவும் தெரியாது” என்று நான் எழுதியதை வேறு ஒருத்தர் வாயால் கேட்கும்போது என் காது சுட்டது. அவர் பையனைப் பார்த்து, “என்னப்பா, இது சரியா? கிளப்ப ஏமாத்திட்டுத்தான் அங்க கையெழுத்துப் போட்டியா?” என்று கேட்டார். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. “ஆமா சார். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது சார். நான்தான் மறைச்சேன்” என்றான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை தினேஷ். மூன்று வருஷம் போகும் என்று அவனுக்குத் தெரியும், மாட்டினால் என்ன தண்டனை என்று டிசம்பரில் சுசித்ரா படித்ததை அவனிடம் சொன்னதே நான்தான். நான் எழுந்து நின்றேன். “எனக்குத் தெரியும் சார்” என்று சொல்லிவிட்டேன். “என்னம்மா தெரியும்?” என்றார். “அந்த வாரமே வந்து என்கிட்ட சொல்லிட்டான் சார். யாருகிட்டயும் சொல்லாதன்னு நான்தான் சொன்னேன். அந்தப் பேப்பர்ல எழுதுனது பொய்” என்றேன். அவர் நல்ல மனுஷன், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க, யோசிச்சு சொல்லுங்க, பதிமூணு பாயிண்ட் போயிடும்” என்றார். நான் தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டு மறுபடியும் அதையேதான் சொன்னேன். பின்னால் இளம்பரிதி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான்.

ஏன் சொன்னாய் என்றுதானே கேட்டாய். நியாயம், தர்மம் என்று அந்த நிமிஷத்தில் நான் எதையும் நினைக்கவில்லை. அப்படி நினைக்கிறவளாக இருந்தால் டிசம்பரிலேயே நினைத்திருப்பேன். உன் அனுபவத்தில் பாதிகூட இல்லாத ஒரு பையன் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறான், நான் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், என்னால் அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இதை நீ ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாடிப்படி இறங்கும்போது இளம்பரிதி, “நாலு பேரு சோத்துல மண்ணப் போட்டுட்டீங்க. உங்க பையனா இருந்தா போட்டிருப்பீங்களா?” என்றான். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மிச்சப் படியை இறங்கினேன்.

பத்தொன்பதில் பதிமூன்று போய் ஆறு. நமக்குக் கீழே ஒரே ஒரு டீம், அதற்கு ஐந்து. கடைசி ஆட்டம் இருபத்திரண்டாம் தேதி, அதே கிருஷ்ணகிரிக்காரர்களோடு. பையன்கள் வர மாட்டோம் என்று குரூப்பில் போட்டுவிட்டு ஒவ்வொருத்தராக வெளியேறினார்கள். ஆட்டத்துக்கு வராத டீமுக்குப் பதிவே ரத்து, இரண்டு வருஷம் எந்த டிவிஷனிலும் சேர்க்க மாட்டார்கள், ஆட்டத்தை முடிக்காமல் போனாலும் அதேதான். குறைந்தது ஏழு பேர் மைதானத்தில் நிற்க வேண்டும். நான் சனிக்கிழமை முழுவதும் ரூம் ரூமாகப் போனேன். அன்றைக்குப் பெருநாள், சல்மான் வீட்டுக்குப் போகக் கூச்சமாக இருந்தது, போனேன். அவன் பிரியாணித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, “நான் வர்றேம்மா, ஆனா உங்களுக்காக இல்ல, பதிவு போயிரக்கூடாதுன்னு வர்றேன்” என்றான். அது போதும் என்றேன். கெஞ்சிக் கெஞ்சி ஆறு பேர் ஆனார்கள். ஏழாவது ஆள் டயர் பஞ்சர் கடை காலித் பாய். எண்ணிக்கைக்காக நீயே மூன்று வருஷத்துக்கு முன்னால் லிஸ்டில் சேர்த்தாயே, நாற்பத்தொரு வயசு, ஒரு ஆட்டம்கூட ஆடினதில்லை. கடையை மூடிவிட்டு கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்தார். “எனக்கு ஓட வராதும்மா, நிக்க வரும்” என்றார்.

ஞாயிறு மூன்று மணிக்கு சிப்காட் பக்கத்து மைதானத்தில் நல்ல வெயிலில் பதினொரு பேருக்கு எதிராக ஏழு பேர் நின்றார்கள். அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து தண்ணீர் கேன் தூக்கினார். இளம்பரிதி கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பைக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், உள்ளே வருவான் வருவான் என்று நான் வேலியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், நாலாவது கோல் விழுந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இடைவேளையில் ஐந்து. அதற்குப் பிறகு காலித் பாய்க்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவர் வெளியே வந்தால் ஆறு பேர், ஆட்டம் நின்றுவிடும், பதிவு போய்விடும். ரெஃப்ரீ வந்து “வெளிய போறீங்களா?” என்று கேட்டபோது அவர் இல்லை என்று தலையாட்டிவிட்டு நொண்டிக்கொண்டே போய் நம் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், கடைசி வரைக்கும் அப்படியே நின்றார். ஒன்பதாவது கோல் அடித்த பிறகு கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அவர்கள்தான் இப்போது மேலே போகிறார்கள், அதனால் பாவம் பார்த்துப் பந்தை அவர்களுக்குள்ளேயே உருட்ட ஆரம்பித்தார்கள். சல்மான் கோலை விட்டு முன்னால் ஓடி வந்து, “அடிங்கடா! ஏண்டா சும்மா உருட்டுறீங்க, அடிங்கடா!” என்று கத்தினான். அவர்கள் அடிக்கவில்லை. பத்து நிமிஷம் அப்படியே உருட்டிக்கொண்டு இருந்தார்கள். ஒன்பது கோல் வாங்கியதை நான் தாங்கிக்கொண்டேன், அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் தாங்க முடியவில்லை. நமக்குக் கீழே இருந்த டீம் அன்றைக்கு ஜெயித்துவிட்டது. பேகேபள்ளி பாய்ஸ் கடைசி இடம், மூன்றாம் டிவிஷன். பதிவு மட்டும் இருக்கிறது.

இளம்பரிதிக்கு மார்ச் முப்பத்தொன்றோடு கான்ட்ராக்ட் முடிந்தது, மறுபடி போடவில்லை. நான் சௌந்தரராஜன் சாரிடம் போய் நின்றேன், டீம் தப்புக்கு அந்தப் பையன் என்ன செய்வான் சார், நீங்கள் சொன்ன அந்த நாலு வேலையில் ஒன்றாவது கொடுங்கள் என்று. அவர், “நான் எடுக்கிறேன்னு எப்பம்மா சொன்னேன்? பாக்கலாம்னுதான சொன்னேன்” என்றார். அவர் அன்றைக்கு என்ன வார்த்தை சொன்னார் என்று இப்போது எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. நான் கெடுத்தது நிஜமான வேலையா, வெறும் பேச்சா என்பதுகூட இனித் தெரியப் போவதில்லை. இளம்பரிதி ரூமைக் காலி செய்துவிட்டு மனைவியை அழைத்துக்கொண்டு விழுப்புரம் போய்விட்டான். போகும்போது குக்கரையும் ஃபேனையும் கீழ்வீட்டில் விற்றுவிட்டுப் போனான் என்று கேள்வி. குழந்தை பிறந்ததா என்று கேட்க அவன் நம்பருக்குப் போட்டேன், எடுக்கவில்லை.

ஹரீஷாவது பிழைத்தான் என்று நினைப்பாய். பெங்களூர் கிளப்பும் அவனைக் கழற்றிவிட்டது. ஒரு வருஷம் எங்கேயும் ஆட முடியாது. போன வாரம் சானமாவு பக்கம் பஸ் பிடித்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா மாரம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு “ஏம் சேத்தாம் அக்கா” என்று தெலுங்கில் கேட்டாள். என்ன செய்வது என்று எனக்கு மட்டும் தெரியுமா. பையன் தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறான், கை முழுக்க முள் கீறல். என்னைப் பார்த்து சந்தோஷப்படுவான் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்திருக்கிறது, அதை அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். “நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்மா” என்றான். “மூணு வருஷம் போனா போயிருக்கும். இப்ப ஒரு வருஷம் கழிச்சு வந்தா மட்டும் என்கூட யாரு ஆடுவாங்க? எல்லாரும் என் நம்பர பிளாக் பண்ணிட்டாங்கோ” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் எடுத்துக்கொண்டே சொன்னான். நான் கொண்டுபோன முறுக்கைத் தின்னாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டான், பஸ் வரும் வரைக்கும் என்னோடு ரோட்டில் நின்றான், அவ்வளவுதான்.

ஆக யாருக்கும் நான் நல்லது செய்யவில்லை தினேஷ். பொய் எழுதியும் கெடுத்தேன், உண்மையைச் சொல்லியும் கெடுத்தேன். அப்பா ஃபைலை லீக் ஆபீஸில் கொடுத்துவிட்டு வா, போதும் என்கிறார். மூன்றாம் டிவிஷனுக்கு ஜூன் பதினைந்துக்குள் பதினாலு பேர் கையெழுத்தோடு மனு கொடுக்க வேண்டும். சல்மான் போட்டிருக்கிறான். காலித் பாய் கால் சரியாகாமலேயே போட்டிருக்கிறார். இன்னும் மூன்று பேர் யோசித்து யோசித்துப் போட்டிருக்கிறார்கள். ஐந்து. மற்றவர்கள் வேறு கிளப்புக்குப் போய்விட்டார்கள், சிலர் ஊருக்கே போய்விட்டார்கள். பேருக்கு யாரையாவது எழுதி நிரப்பலாம்மா, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று அந்த மூன்று பேரில் ஒருத்தன் சொன்னான். இனி என் கையால் அப்படி எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் பதிவு இன்னும் நம் கிளப்பில்தான் இருக்கிறது, நீ விலகல் கடிதம் எதுவும் கொடுக்கவில்லை. இந்தக் கடிதத்தோடு ஆட்டக்காரர் ஃபாரம் ஒன்று வைத்திருக்கிறேன். அக்டோபரில் அங்கே கான்ட்ராக்ட் முடிகிறது என்று சொன்னாய், லீக் நவம்பரில்தான் தொடங்கும். வருவதாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அம்மா பாவம் என்றோ, ஆள் குறைகிறது என்றோ போடாதே. வரவில்லை என்றால் போடாதே, எனக்கு அதில் வருத்தம் இல்லை, வருத்தம் இருந்தாலும் அதை நீ பார்க்க வேண்டாம். நீ போட்டாலும் ஆறுதான், பதினாலு வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனுவில் ஆறாவது வரியை யாருக்கும் கொடுக்காமல் விட்டு வைத்திருக்கிறேன்.

அங்கே இன்னும் குளிர் விடவில்லை என்று டிவியில் சொன்னார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வா, உனக்கு சின்ன வயசிலிருந்தே காதில்தான் முதலில் குளிர் பிடிக்கும். முதுகு வலிக்கு நீ வாங்கிப் போன மாத்திரை ஏப்ரலோடு தேதி முடிகிறது, பார்த்துவிட்டுப் போடு. ரூமில் இருக்கிற நேபாளத்துப் பையன்களோடு சண்டை போடாதே, சேர்ந்து சமைத்துச் சாப்பிடுங்கள். எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது, உன் கை கால் நன்றாக இருக்க வேண்டும், உனக்கு நல்லவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், இதைத்தான் தினமும் விளக்கு ஏற்றும்போது கேட்கிறேன். அப்பாவுக்காவது ஒரு போன் பண்ணு. அவர் கேட்க மாட்டார், ஆனால் சாப்பிடும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்.

என்றும் உன் நலம் கேட்கும்
அம்மா
கோ. சரசம்மா
(செயலாளர், பேகேபள்ளி பாய்ஸ் ஃபுட்பால் கிளப், ஜூன் பதினைந்து வரை)